கொல்லைப்புறப் பறவைகளைப் படமெடுக்க கேமராவை எப்படி அமைப்பது?

முருங்கைப் பூவில் தேன்சிட்டு வந்து உட்காருகிறது. கேமராவை ஆட்டோவில் வைத்து அழுத்துகிறீர்கள். படத்தைப் பார்த்தால் கிளை தெளிவாக இருக்கிறது, பூ தெளிவாக இருக்கிறது, தேன்சிட்டு மட்டும் கலங்கலாக இருக்கிறது. உடனே லென்ஸ் சரியில்லை, இன்னும் விலை கூடியது வாங்க வேண்டும் என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். பெரும்பாலும் குறை லென்ஸில் இல்லை.

ஆட்டோவில் இருக்கும் கேமரா, வரும் வெளிச்சத்தை அளந்து, உங்கள் கை ஆட்டம் படத்தில் தெரியாத அளவுக்கு ஒரு வேகத்தைத் தேர்ந்துகொள்ளும். அது 1/200 நொடியாகவோ 1/250 நொடியாகவோ இருக்கலாம். சுவருக்கும் பூவுக்கும் அது போதும். ஒரு நொடிக்குள் தலையை இரண்டு முறை திருப்பும் தேன்சிட்டுக்குப் போதாது. ஆகவே முடிவைக் கேமராவிடம் விடாமல் நாம் எடுக்க வேண்டும். எடுக்க வேண்டிய முடிவுகளும் அதிகமில்லை.

எந்தக் கேமராவிலும் படத்தின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பவை மூன்று: ஷட்டர் வேகம், அபர்ச்சர், ஐஎஸ்ஓ. ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது முதலாவது. லென்ஸின் துளை எவ்வளவு அகலம் என்பது இரண்டாவது. வந்து விழுந்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று பிணைந்தவை. ஷட்டர் நேரத்தை 1/500-லிருந்து 1/1000 ஆகக் குறைத்தால் பாதி வெளிச்சம்தான் உள்ளே வரும். அதை ஈடுகட்ட ஐஎஸ்ஓவை இரண்டு மடங்காக்க வேண்டும், அல்லது துளையைப் பெரிதாக்க வேண்டும். இப்படி இரண்டு மடங்காவதையோ பாதியாவதையோதான் புகைப்படக்காரர்கள் ஒரு ஸ்டாப் என்கிறார்கள்.

இதுவரை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். பறவை விஷயத்தில் எனக்கு உறுதியாகத் தோன்றுவது வேறு: இந்த மூன்றையும் ஒரே நேரத்தில் யோசிக்கத் தேவையே இல்லை. ஷட்டர் வேகத்தைப் பறவை முடிவு செய்யட்டும். அபர்ச்சரை லென்ஸ் முடிவு செய்யட்டும். மிச்சத்தை ஐஎஸ்ஓ தானாக ஈடுகட்டட்டும். இந்த வரிசை மனதில் பதிந்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

பறவை என்ன செய்கிறது?

பறவையின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அது இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பாருங்கள். மதில் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும் கொண்டைக்குருவிக்கு 1/500 போதும். சும்மா உட்கார்ந்திருப்பதாக நமக்குத் தோன்றினாலும் தலை அசைந்துகொண்டே இருக்கும் என்பதால் 1/250-க்குக் கீழே போகாதீர்கள். தரையில் நடந்து பொறுக்கும் மைனாவுக்கும், சருகைக் கிளறிக்கொண்டே கூட்டமாக நகரும் தவிட்டுக்குருவிகளுக்கும் 1/800 அல்லது 1/1000. தண்ணீர்ச் சட்டியில் இறங்கிச் சிறகடித்துக் குளிக்கும் குருவி என்றால் 1/1600. அப்போது தெறிக்கும் துளிகளும் துளிகளாகவே விழும். கிளையிலிருந்து எழும்பும் சின்னப் பறவையைப் பிடிக்க 1/2500, 1/3200 என்று போக வேண்டியிருக்கும். தேன்சிட்டு பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் தேன் குடிக்கும், அதற்கு 1/1000 போதும். எப்போதாவது பூவின் முன்னால் அந்தரத்தில் நின்று குடிக்கும்போது 1/3200-ம் சில வேளை போதாது.

உடல் பெரிதாக ஆக அசைவு மெதுவாகும். கொக்கு, பருந்து போன்றவை பறக்கும்போதுகூட 1/1600-ல் நன்றாக நிற்கும். சிறகின் நுனி லேசாகக் கலங்கியிருந்தால் அது தவறில்லை, பறப்பது அதில்தான் தெரிகிறது. கண் மட்டும் தெளிவாக இருக்க வேண்டும்.

பறவை அசையாவிட்டாலும் உங்கள் கை அசையும். இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு. லென்ஸின் குவிய நீளம் (லென்ஸின் மேல் எழுதியிருக்கும் மி.மீ. எண்) 300 என்றால் குறைந்தது 1/300 நொடி வேண்டும். நம்மில் பலரிடம் இருக்கும், ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் கேமராவில் அதை 1.5-ஆல் பெருக்க வேண்டும், கேனான் என்றால் 1.6. ஆக 300 மி.மீ. லென்ஸுக்கு ஏறக்குறைய 1/500. லென்ஸில் விஆர் அல்லது ஐஎஸ் என்று ஒரு பொத்தான் இருந்தால் அது கை ஆட்டத்தைக் குறைக்கும். ஆனால் அது உங்கள் கைக்குத்தான் உதவும், பறவையின் அசைவை அதனால் ஒன்றும் செய்ய முடியாது. "ஸ்டெபிலைசேஷன் இருக்கிறதே, 1/100-ல் எடுக்கலாமே" என்று கடைக்காரர் சொன்னால், கோயில் கோபுரத்துக்கு அது சரி. மைனாவுக்குச் சரி வராது.

விதிவிலக்கும் உண்டு. தென்னை மரப் பொந்தின் வாசலில் மாலை வேளையில் வந்து உட்காரும் புள்ளி ஆந்தை நிமிடக்கணக்கில் அசையாது. ட்ரைபாட் போட்டோ மதில்மேல் கேமராவை ஊன்றியோ 1/60-லும் நல்ல படம் எடுக்கலாம். வேகத்தைப் பறவை முடிவு செய்யும் என்பதில் இதுவும் அடக்கம்.

அபர்ச்சரில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை

அபர்ச்சர் எண் சிறியதானால் துளை பெரிது. எஃப்/5.6-ல் வரும் வெளிச்சம் எஃப்/8-ல் வருவதைப்போல் இரண்டு மடங்கு. தொடக்கக்காரர்கள் வாங்கும் 70-300, 55-250 மாதிரி ஜூம் லென்ஸ்களை முழுதாக நீட்டினால் அவை திறக்கும் அதிகபட்சத் துளையே எஃப்/5.6 அல்லது எஃப்/6.3 தான். அதைவிடப் பெரிதாக்க வழியில்லை, சின்னதாக்கினால் வெளிச்சம் போகும். அதனால் லென்ஸ் எவ்வளவு திறக்கிறதோ அவ்வளவு திறந்து வைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். பின்னணி மங்கலாகி பறவை தனித்து நிற்பதும் இதனால்தான்.

ஒன்று மட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். 300 மி.மீ. லென்ஸில், எஃப்/5.6-ல், நான்கு மீட்டர் தூரத்தில் இருக்கும் பறவையை எடுக்கும்போது தெளிவாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 4 செ.மீ. தான். கண் தெளிவாக இருந்தால் வால் மங்கும். எட்டு மீட்டருக்குப் பின்வாங்கினால் அது 16 செ.மீ. ஆகிவிடும். ஆகவே கிட்டத்தில் எடுக்கும்போது கண்ணில் ஃபோகஸ் வைப்பது முக்கியம். தவிட்டுக்குருவிகள் வரிசையாக ஒட்டி உட்கார்ந்திருந்தால் எஃப்/8 வைக்கலாம், எல்லாம் ஓரளவு தெளிவாகும். மற்றபடி இதைத் தொடவே வேண்டாம்.

ஐஎஸ்ஓவுக்குப் பயப்படாதீர்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளி விழும், அதனால் 100, 200-லேயே வை என்று யாரோ சொல்லியிருப்பார்கள். தொலைவில் இருக்கும் ரேடியோ நிலையத்தின் ஒலியைக் கூட்டினால் பாட்டோடு சேர்ந்து இரைச்சலும் கூடுவதைப்போலத்தான் இது. புள்ளி விழுவது உண்மை. ஆனால் அதைக் கணினியில் பெருமளவு நீக்கிவிடலாம். லைட்ரூம் போன்ற மென்பொருள்கள் இப்போது இதை நன்றாகவே செய்கின்றன. அசைவால் கலங்கிப்போன கண்ணை நம்பும்படி மீட்டுத்தரும் மென்பொருள் எதுவும் இல்லை.

வெளிச்சத்தின் கணக்கைப் பார்த்தால் ஐஎஸ்ஓ ஏன் தேவை என்பது புரியும். நல்ல வெயிலில் எஃப்/5.6, ஐஎஸ்ஓ 400 என்று வைத்தால் ஷட்டர் 1/3200 வரை போகலாம். பறப்பதையே பிடிக்கலாம். அதே பறவை மாமர நிழலுக்குள் நுழைந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் எட்டில் ஒரு பங்கோ பதினாறில் ஒரு பங்கோ ஆகிவிடும். நம் கண் இதைச் சமாளித்துக்கொள்வதால் பெரிய வித்தியாசம் தெரியாது, சென்சாருக்குத் தெரியும். இப்போது அதே ஐஎஸ்ஓ 400-ல் 1/400 அல்லது 1/200 தான் கிடைக்கும். 1/1000 வேண்டுமென்றால் ஐஎஸ்ஓ 1000-லிருந்து 2000 வரை ஏற்றியே ஆக வேண்டும். நம் வீட்டுப் பறவைகள் பாதி நேரம் இலைக்குள்தான் இருக்கின்றன.

கடந்த பத்து ஆண்டுகளில் வந்த ஏபிஎஸ்-சி கேமரா எதிலும் 1600-ஐத் தயக்கமில்லாமல் பயன்படுத்தலாம். 3200 நன்றாகவே இருக்கும். தேவைப்பட்டால் 6400-க்கும் போகலாம், படத்தை ரொம்பப் பெரிதாக வெட்டி எடுக்காதவரை. நிக்கான் பி900, பி950 மாதிரி நீள ஜூம் கேமரா வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இது பொருந்தாது. 2000 மி.மீ. அளவுக்குக் கிட்டக் காட்டும் அவற்றின் சென்சார் மிகச் சிறியது. ஐஎஸ்ஓ 800-க்கு மேலே போனால் இறகின் நுணுக்கம் கரைந்துவிடும். அவற்றில் வெளிச்சம் நல்ல நேரத்தைத் தேர்ந்து எடுப்பதுதான் வழி.

இன்னொன்று: புள்ளிக்குப் பயந்து படத்தை இருட்டாக எடுத்துவிட்டு அப்புறம் கணினியில் வெளிச்சம் கூட்டினால் புள்ளி குறையாது, பெரும்பாலும் கூடத்தான் செய்யும். எடுக்கும்போதே சரியான வெளிச்சத்தில் எடுங்கள்.

இவ்வளவையும் டயலில் எப்படி வைப்பது? நான் பரிந்துரைப்பது எம் மோடும் ஆட்டோ ஐஎஸ்ஓவும். எம் என்றதும் எல்லாவற்றையும் கையால் மாற்ற வேண்டுமோ என்று பயம் வரும். வேண்டாம். ஷட்டரையும் அபர்ச்சரையும் நீங்கள் வைக்கிறீர்கள், ஐஎஸ்ஓவைக் கேமரா மாற்றிக்கொள்கிறது. பறவை வெயிலிலிருந்து நிழலுக்குப் போனாலும் நீங்கள் எதையும் தொட வேண்டாம். மெனுவில் ஐஎஸ்ஓவின் உச்ச அளவை 6400 என்று கட்டிவையுங்கள். எம் மோடு ஒத்துவரவில்லை என்றால், ஷட்டர் வேகத்தை மட்டும் நீங்கள் வைத்து மற்றதைக் கேமராவிடம் விடும் ஷட்டர் பிரையாரிட்டிக்குப் போங்கள். டயலில் அது நிக்கான், சோனியில் எஸ் (S), கேனானில் டிவி (Tv). ஏறக்குறைய அதே பலன் கிடைக்கும்.

கறுப்பும் வெள்ளையும்

இனிமேல்தான் விஷயம் சுவையாகிறது. எல்லாம் சரியாக வைத்தும் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவி வெறும் நிழலுருவமாக விழும். கொக்கு வெள்ளைத் துணி மாதிரி, ஓர் இறகும் தெரியாமல் விழும். ஏன்?

எதிரில் உள்ள காட்சி சராசரியாக ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் கேமரா வெளிச்சத்தை அளக்கிறது. கம்பிக்குப் பின்னால் இருப்பது பளிச்சென்ற வானம். படத்தில் முக்கால்வாசி அதுதான். வெளிச்சம் ரொம்ப அதிகம் என்று கேமரா குறைத்துவிடுகிறது, வானம் சரியாகி குருவி கரியாகிவிடுகிறது. கொக்கு அடர்ந்த பச்சைப் புல்லில் நிற்கும்போது நேர் எதிர். காட்சி இருட்டு என்று எண்ணிக் கேமரா கூட்டிவிடுகிறது, வெள்ளை இறகு வெந்துவிடுகிறது.

இதைச் சரிசெய்யத்தான் கூட்டல் கழித்தல் குறி போட்ட எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பொத்தான். வானத்துக்கு எதிரே இருக்கும் பறவைக்கு +1 முதல் +2 வரை வையுங்கள். வானம் வெளுத்துப்போகும், போகட்டும், நமக்கு வேண்டியது பறவை. இருண்ட பின்னணியில் சிறியதாக நிற்கும் வெள்ளைப் பறவைக்கு -0.7 அல்லது -1. அதே கொக்கு கிட்டே வந்து படம் முழுவதையும் அடைத்துக்கொண்டால் கணக்கு திரும்பிவிடும். இப்போது பார்க்கும் இடமெல்லாம் வெள்ளை, அதையும் சாம்பலாக்கப் பார்க்கும் கேமரா. கொஞ்சம் கூட்ட வேண்டும். ஆகவே வெள்ளைப் பறவைக்குக் குறை, கறுப்புப் பறவைக்குக் கூட்டு என்று மனப்பாடம் செய்யாதீர்கள். படத்தின் பெரும்பகுதி என்ன நிறம் என்று பார்த்து முடிவு செய்யுங்கள். எம் மோடில் ஆட்டோ ஐஎஸ்ஓ வைத்திருக்கும்போது சில பழைய மாடல்களில் இந்தப் பொத்தான் வேலை செய்யாது. அப்படியானால் ஷட்டர் பிரையாரிட்டியில் இருந்துகொண்டு மாற்றலாம்.

குண்டுகரிச்சான்தான் இதில் பெரிய சவால். தலையும் மார்பும் பளபளக்கும் கறுப்பு, வயிறு தூய வெள்ளை. இரண்டையும் ஒரே படத்தில் காப்பாற்ற வேண்டும். வெள்ளைக்கு முன்னுரிமை கொடுங்கள். வெந்துபோன வெள்ளையில் எந்தத் தகவலும் மிச்சமிருக்காது. இருட்டாக விழுந்த கறுப்பை, சென்சார் பதிந்ததைச் சுருக்காமல் வைத்திருக்கும் ரா கோப்பாக எடுத்திருந்தால் பிறகு ஓரளவு தூக்கிக்கொள்ளலாம். கேமரா சுருக்கித் தரும் வழக்கமான ஜேபெக் படத்தில் அவ்வளவு இடம் கிடைக்காது. அதனாலேயே ரா வசதி இருந்தால் அதில் எடுங்கள் என்று சொல்வேன். இலைக்கடியில் விழும் பச்சைச் சாயையையும் அதில் எளிதாக நீக்கலாம். படத்தைத் திரும்பப் பார்க்கும்போது வெந்த இடங்கள் மின்னிக் காட்டும் ஹைலைட் எச்சரிக்கை பெரும்பாலான கேமராக்களில் உண்டு, மெனுவில் தேடி இயக்கிவிடுங்கள்.

ஃபோகஸ்

ஃபோகஸ் முறையைத் தொடர் ஃபோகஸுக்கு மாற்றுங்கள். நிக்கான், சோனியில் ஏஎஃப்-சி என்றிருக்கும், கேனானில் சர்வோ. பட்டனைப் பாதி அழுத்தியிருக்கும்வரை பறவை நகர நகர ஃபோகஸும் கூடவே நகரும். ஃபோகஸ் பரப்பைச் சிறியதாக, ஒரு புள்ளியாகவோ சிறு கட்டமாகவோ வையுங்கள். முழுத் திரையையும் கேமராவிடம் விட்டால் எதிரில் நீட்டிக்கொண்டிருக்கும் இலையைத்தான் அது முதலில் பிடிக்கும். கேனான் ஆர்10, சோனி ஏ6700 மாதிரிப் புதிய கேமராக்கள் பறவையின் கண்ணைத் தாமே கண்டுபிடிக்கும். வெட்டவெளியில் அது பெரிய வசதி. அடர்ந்த கிளைக்குள் அவற்றுக்கும் சின்னக் கட்டம் வைத்துக் கொடுப்பது உதவும்.

தொடர் ஷாட் வசதியை இயக்கி, நான்கைந்து படங்களாக விட்டுவிட்டு எடுங்கள். பறவைகளுக்கு மூன்றாவது இமை ஒன்று உண்டு. அது கண்ணைக் குறுக்கே துடைத்துப் போகும் கணத்தில் எடுத்த படத்தில் கண் பால் படர்ந்ததுபோல் இருக்கும். அடுத்த படத்தில் சரியாகிவிடும்.

வெளிச்சமும் இடமும்

காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரை, அப்புறம் மாலை நான்குக்கு மேல். வெயில் உங்கள் முதுகுப் பக்கமிருந்து பறவை மேல் விழும்படி நில்லுங்கள். ஆண் ஊதாத் தேன்சிட்டு நிழலில் வெறும் கறுப்பாகத் தெரியும். அதன் மினுமினுப்பு சாயத்தால் வருவதில்லை, இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. வெயில் சரியான கோணத்தில் பட்டால்தான் ஊதாவும் நீலமும் வெளியே வரும். எந்த அமைப்பை மாற்றினாலும் நிழலில் அந்த நிறம் கிடைக்காது. உச்சி வெயிலில் மொட்டை மாடித் தளத்தின் மேலாக எடுத்தால் சூடான காற்று அலைந்து படமே நடுங்கும். மேகமூட்டமான நாளில் எல்லாப் பக்கமும் ஒரேபோல் வெளிச்சம் விழுவதால் குண்டுகரிச்சானுக்கு அதுதான் நல்ல நாள்.

ஏசி அறையிலிருந்து நேராகக் கேமராவை வெளியே கொண்டுவந்தால், நம் ஊர் ஈரக் காற்றில் லென்ஸ் உடனே பனித்துவிடும். பையை மூடியபடியே கொஞ்ச நேரம் வெளியே வைத்துவிட்டு எடுங்கள். ஜன்னலுக்குள்ளிருந்து எடுப்பதும் நல்ல யோசனை, ஆள் தெரியாததால் பறவைகள் கிட்டே வரும். லென்ஸைக் கம்பிக்கு மிக அருகில் வைத்து, துளையை முழுதாகத் திறந்திருந்தால் கம்பி படத்தில் தெரியவே தெரியாது. ஓர் ஆழமில்லாத மண் சட்டியில் தண்ணீர் வைத்து, அதற்குப் பின்னால் சுவர் ஐந்தாறு மீட்டர் தள்ளி இருக்கும்படி பார்த்துக்கொண்டால், பின்னணியும் அழகாக மங்கும், பறவை எங்கே வரும் என்பதும் முன்கூட்டியே தெரியும்.

கூட்டை மட்டும் விட்டுவிடுங்கள். தையல்சிட்டு இலையைத் தைத்துக் கட்டிய கூடு எவ்வளவு அழகாக இருந்தாலும், நீங்கள் இலையை விலக்கிப் பார்த்தால் காக்கைக்கு வழி காட்டியதாகும். குஞ்சுகளுக்கு இரையோடு வந்த தாய் உங்களைக் கண்டு தயங்கி நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்தக் குஞ்சுகளுக்கு இழப்பு. எந்தப் படமும் அதற்கு ஈடில்லை.

குளிர்காலத்தில் நம் தோட்டங்களுக்கு வரும் ஆறுமணிக்குருவியை எடுக்க இதுவரை சொன்னது எல்லாமே தேவைப்படும். விடியற்காலையிலும் அந்தி நேரத்திலும் குரல் கொடுத்துக்கொண்டு, செடிக்கடியில் சருகைக் கிளறி இரை தேடும். வெளிச்சம் மிகக் குறைவு. ஆனால் அது தத்தி நகர்ந்து சட்டென்று நின்றுவிடும் பழக்கமுடையது. நிற்கும் அந்த நொடிக்கு 1/200 போதும், தரையில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் 1/125. லென்ஸ் முழுதாகத் திறந்திருக்கட்டும், ஐஎஸ்ஓ 6400-ஐத் தொட்டாலும் தொடட்டும். பொங்கலை ஒட்டித் தமிழ்நாட்டில் 2015 முதல் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால், பொடிப்பொடியாகப் புள்ளி விழுந்த படமும் பறவையை அடையாளம் காட்டப் பயன்படும்.

படத்தை எடுத்ததும் திரையில் கண்ணைப் பெரிதாக்கிப் பாருங்கள். கலங்கலிலும் வகை உண்டு, எது எதனால் வந்தது என்று படமே சொல்லும். கிளை, இலை, பறவை எல்லாமே ஒரே திசையில் இழுபட்டிருந்தால் ஆடியது உங்கள் கை: ஊன்றிக்கொள்ளுங்கள் அல்லது வேகத்தைக் கூட்டுங்கள். கிளை தெளிவாக இருந்து, அதே தூரத்தில் உட்கார்ந்திருக்கும் பறவையின் தலை மட்டும் கலங்கியிருந்தால் ஆடியது பறவை: வேகத்தை ஒரு ஸ்டாப் கூட்டுங்கள், ஐஎஸ்ஓ ஏறட்டும். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ இருக்கும் இலை கூர்மையாக விழுந்திருந்தால் வேகத்தில் தவறில்லை, ஃபோகஸ் இடம் மாறியிருக்கிறது: கட்டத்தைச் சின்னதாக்கிக் கண்ணில் வைத்து மறுபடி எடுங்கள்.